நூறு வயதுக் கிலிம்களோடு பதினொரு வருடம்

பழைய கிலிம், அதாவது கம்பளியில் நெய்த தரைவிரிப்பு, திருத்துகிற தொழிலில் முதலில் போவது கண், அடுத்தது முதுகு. கம்பளி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் போகும். என்னைப் போலத் தையல் வேலையில் குனிந்தே காலந்தள்ளுகிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் முராத் என்ற துர்க்மென்காரரின் கடையில் எனக்கு வேலை. முன்னறையில் அவர் விற்பார், பின்னறையில் நான் தைப்பேன். துர்க்மென் பெண்கள் கையால் நெய்த பழைய விரிப்புகள்தான் பெரும்பாலும் வரும்.

சுருங்கிய பரிசு

சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர், எஞ்சினியர். கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த கிலிமில் மீன்குழம்பைக் கொட்டிவிட்டார். மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதை வாஷிங் மெஷினில், சுடுதண்ணீரில் போட்டிருக்கிறார். பாதியாகச் சுருங்கி, அட்டை மாதிரி விறைத்து, வெள்ளை எல்லாம் சிவப்பாகி வந்து சேர்ந்தது.

"இதை இழுத்து நீட்ட ஏலாது தம்பி, கம்பளி இறுகிப் போச்சு" என்றேன்.

"மாமனார் அடுத்த வாரம் லண்டன் வர்றாரு அக்கா. கிலிம் அப்படியேதான் இருக்கு, ஹால்தான் பெருசாயிடுச்சுன்னு சொல்லிப் பாக்கட்டுமா?"

எது நல்ல பக்கம்?

கிங்ஸ்பரியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள். கிலிம் வாங்கிய நாளிலிருந்து அண்ணை ஒரு பக்கத்தை மேலே விரிக்க, அக்கா புரட்டிப் போட, அப்படியே ஆறு வருடம். நான் முனையைத் தூக்கிக் காட்டினேன். மற்றக் கம்பளங்கள் போல இதில் முடிச்சு இல்லை. நெடுக்கே ஓடும் பாவு நூலுக்குள் குறுக்கே ஊடு நூல் போய்வந்து நெய்தது, ஆகவே இரண்டு பக்கமும் ஒரே பூ, ஒரே நிறம். அண்ணை சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"ஓம், அது சரி. ரெண்டு பக்கமும் ஒண்டெண்டால், இனி நாங்கள் எதைக் கதைக்கிறது?"

நாய் கடித்த மூலை

மார்கரெட் என்ற வெள்ளைக்கார அம்மா, கணவர் இல்லாமல் தனியாக இருப்பவர். நடுவில் பூச்சி அரித்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லி முராத்திடம் கிலிமைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால் ஒரு மூலை கந்தலாகக் கிடந்தது. சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். புதுப் பாவு நூல் கட்டி, பழைய செங்கல் சிவப்புக்கு மூன்று சிவப்புக் கம்பளியைச் சேர்த்துப் பொருத்தி, நான்கு நாள் அந்த மூலையிலேயே இருந்தேன். முராத்துக்கே தைத்த இடம் பிடிபடவில்லை. எனக்குச் சரியான பெருமை.

மார்கரெட் வந்தார். ஓட்டைகளைப் பார்க்கவேயில்லை. நேரே மூலையைத் தடவினார், திருப்பிப் பார்த்தார், மற்ற மூலையையும் பார்த்தார். அவருடைய நாய் குட்டியாக வந்த முதல் வாரம் கடித்த இடமாம் அது. பதினான்கு வருடம் கூட இருந்த நாய், போன மாதம்தான் செத்திருக்கிறது.

"அவிழ்த்து விடட்டுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று உறைத்தது. நான் அவிழ்த்தால் அது நான் கிழித்த கிழிசல்தானே. மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே கிழிந்திருந்தது என்றே தெரியவில்லை. இவ்வளவு நன்றாகச் செய்திருக்க வேண்டாம்."

வாடிக்கையாளர் விரல் வைத்துக் காட்டாத ஓட்டை ஓட்டையே அல்ல என்பதுதான் பதினொரு வருடத்தில் நான் படித்த தொழில்.