பதினாலு மாடிச் சாரம்

பூந்தமல்லி ரோட்டில் முதலில் எழுந்த பதினாலு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சுச் சாரம் கட்டியது நாங்கள். நானும் என் மச்சானும். மச்சான் என்றால் பெண்டாட்டியின் தம்பி. அப்போது சுற்றிலும் காலி மனையும் முள்ளும்தான். சென்னீர்குப்பத்தில் நின்றால் எங்கள் சவுக்குக் கம்பு தெரியும். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். கண்டக்டர் அந்த ஸ்டாப்பையே "பதினாலு மாடி" என்று கூவ ஆரம்பித்தார்.

சாரக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டினவன்தான் முதலில் ஏறி நிற்க வேண்டும். அவன் இறங்கிய பிறகுதான் அடுத்தவன் கால் வைப்பான்.

அன்றைக்கு எட்டாவது மாடியில் மச்சான் கட்டினான்.

"ஏறிப் பாத்தியாடா?"

"நின்னு குதிச்சே பாத்துட்டேன் மாமே. இன்னா, பயமா கீதா?"

சிரித்தேன். ஏறினேன். கயிறு நழுவியது. ஏழாவது மாடி பால்கனியில் விழுந்தேன். இடது கால் முறிந்தது.

அவன் ஏறிப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவனே காதோரம் சொன்னான். ஆனால் அதற்குள் மேஸ்திரியிடம், "மாமாதான் கட்டுனாரு" என்று சொல்லிவிட்டிருந்தான்.

"இல்லாங்காட்டி என்னை வேலைய உட்டுத் தூக்கிடுவாங்க மாமே. நீ எப்படியும் இனிமே ஏற முடியாது."

ஒன்று மட்டும் கேட்டேன்.

"வெளியில இன்னா வேணா சொல்லிக்கோ. உங்க அக்காகிட்ட மட்டும் நெசத்த சொல்லிடு."

தலையாட்டினான். நானே சொல்லியிருக்கலாம். தம்பி மேல் பழி போடுகிறேன் என்பாள். அவன் வாயால்தான் வரவேண்டும்.

கால் கூடியும் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நான் போட்ட முடிச்சை நம்பி எவன் கால் வைப்பான். முகப்பேரில் ஒரு பிளாட்டுக்கு வாட்ச்மேன் ஆனேன்.

மச்சான் வருஷா வருஷம் அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவருவான். கரும்பு, மஞ்சள், புடவை. ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான்.

இந்தப் பொங்கலுக்கு டிவியில் ஏதோ புதுக் கட்டடம் காட்டினார்கள். நெட்டுக்குத்தாக, முடிவே தெரியாமல்.

"நம்ம பதினாலு மாடி இப்போ குட்டியா ஆயிடுச்சி" என்றான். பிறகு வடை வைத்துக்கொண்டிருந்த அக்காவிடம், "பாவம்க்கா மாமா. அன்னிக்கு அவசரத்துல கட்டிட்டாரு."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். கண் தாழவில்லை.

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் அவள். "எல்லாத்துலயும் அவசரம்தான் இந்த ஆளுக்கு. உடு. இன்னொரு வடை வச்சிக்கோ."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.