ஜெயரட்ணம் கட்டிய எதிர்காலம்

உலகம் தங்களுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று முறையிடுகிறவர்கள் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் பலர் உண்டு. அந்த வாக்கைத் தன் கையாலேயே நிறைவேற்றிக் காட்டுவதென்று இறங்கியவர், அங்கே மாசி என்ற புறநகரில் வசிக்கும் ஜெயரட்ணம் ஒருவர்தான்.

வாக்குக் கொடுத்தது ஜப்பான். இங்கே வந்து அவர் வாங்கிய முதல் கார், எல்லோருடையதையும் போலவே, ஜப்பானில் ஓடிக் களைத்துக் கப்பலேறி வந்தது. பழைய சொந்தக்காரர் அதன் டாஷ்போர்டு அறைக்குள் ஒரு கையேட்டை மறந்து விட்டிருந்தார். எண்பதுகளில் அங்கே நடந்த ஏதோ மோட்டார் கண்காட்சியின் கையேடு. நாளைய கார்கள் இப்படித்தான் இருக்கும் என்று படம் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் குமிழிபோல ஒரு கூரை. தரையைத் தொடும் தகட்டுப் பாவாடைக்குள் மறைந்த நான்கு சில்லுகள். ஸ்டியரிங்குக்குப் பதிலாக ஒரு சின்னக் கைப்பிடி. நினைத்த பக்கம் சுழலும் இருக்கைகள். காலுக்கு வேலையே இல்லை.

ஜெயரட்ணம் பொறுமையோடு காத்திருந்தார். இரண்டாயிரமாம் ஆண்டு வந்தது. வடமேற்கு மோட்டர்வேயில் அதே பெட்டிக் கார்கள்தான் வரிசையில் நின்றன. ஜப்பானுக்கு மேலும் பல வருடம் தவணை கொடுத்துப் பார்த்தார். பிறகு கார் விடும் கராச்சுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பகலில் அவருக்கு ஆல்பனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் உத்தியோகம். நெளிந்த கார்களின் படங்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று தீர்ப்பளிப்பார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, அலுவலகத்தில் தன் கண்ணிலேயே தேறாத ஒரு ஹட்ச்பேக்கின் அடிச்சட்டத்தின் மேல் எதிர்காலத்தை ஒட்டினார்.

ஒரேயொரு சிக்கல்தான். கையேட்டில் காரின் பக்கவாட்டுப் படம் மட்டுமே இருந்தது. அதில் இரண்டு முனையும் மழுங்கலாக, ஒன்றுபோலவே தெரிந்தன. ஓட்டுநரைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமென்றால், அந்த மனிதர் இருக்கையைச் சுழற்றி, தேநீர்க் கோப்பையோடு வாசகரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பக்கம் எதுவென்று ஜப்பானிய எழுத்தில் போட்டிருக்கும், யாரையாவது கேட்டிருக்கலாம். ஆனால் முன்பக்கம் தெரியாமல் கார் கட்டுகிறவர் என்ற பெயர் மாசியிலிருந்து நகரின் மறுகோடி ஒடாஹுஹு வரை ஒரே நாளில் பரவிவிடும். ஆகவே, தீர யோசித்து, இரண்டு பக்கத்தையும் அச்சொட்டாக ஒரேமாதிரி செய்துவிட்டார்.

மனைவி ரதிதேவி இதையெல்லாம் பார்க்கவில்லை. அந்தக் கராச்சுக்குள் கால் வைப்பதில்லையென்று அவர் சபதம் எடுத்து வருடக் கணக்காகிறது. கலியாணவீடுகளுக்கு ரோல்ஸ் என்ற பொரித்த சிற்றுண்டி செய்துகொடுக்கும் ரதிதேவிக்கு வீட்டு நடையில் ஒரு பெரிய பிரீசர். வருகிற விருந்தாளிகள் அதைச் சுற்றிச் சரிந்து சரிந்துதான் உள்ளே வரவேண்டும்.

“இஞ்சேருங்கோ, கடைசியாச் சொல்லுறன்,” என்றார் ஒருநாள். “வாற சனிக்கிழமை ஐயரைக் கூப்பிட்டுக் காருக்குப் பூசை செய்யுங்கோ. உது தன்ர பாட்டில முன்னுக்கு ஓடி கேட்டடிக்குப் போகோணும். போகாட்டி நிதேஷ் கொண்டுபோவான். கராச் என்ர பிரீசருக்கு.”

நிதேஷ் ஒடாஹுஹுவில் பழைய கார்களைக் கழற்றிப் பாகம் பாகமாக விற்கும் ஃபிஜிக்காரர். ரதிதேவியின் ரோல்சுக்கு நிரந்தர வாடிக்கையாளர் என்பதால், நீதி எந்தப் பக்கம் நிற்கும் என்பதில் ஜெயரட்ணத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வியாழக்கிழமை என்ஜின் உயிர் பெற்றது. ஜெயரட்ணம் கையேட்டுக்காரரைப் போலவே சிரித்தபடி கைப்பிடியைத் தள்ளினார். முன் கியர் ஒன்றும் விழவில்லை. ரிவர்ஸ் மட்டும் சிங்கம்போல விழுந்தது. எதிர்காலம் பின்னோக்கி மட்டுமே போகும் என்ற உண்மையை அவர் அன்று முழுவதும் தனியாகச் சுமந்தார்.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. நிதேஷின் இழுவை லொறி தெருவில் காத்து நின்றது. கராச்சிலிருந்து தெருவுக்கு ஏற்றம். உருண்டு தப்பிக்கவும் வழியில்லை. தட்டோடு இறங்கி வந்த ஐயர், தன்னைப் பார்த்து நின்ற முனைக்கு முன்னால் நின்று மாலையைப் போட்டார்.

அது பின்பக்கம்.

ஜெயரட்ணம் வாயைத் திறந்தார். ஐயர் சந்தனத்தைப் பூசினார். ஜெயரட்ணம் வாயை மூடினார். பெரிய மனிதர்கள் சிலர் பேசியதால் வரலாற்றில் நிற்கிறார்கள். அவர் அந்த நிமிடத்தில் மற்ற வகையில் சேர்ந்தார்.

“சில்லு எங்கயப்பா? தேசிக்காயை எங்க வைக்கிறது?” ஐயர் ஈரச் சீமெந்தில் முழங்காலிட்டுப் பாவாடையைக் கிளப்பிப் பார்த்தார்.

“உள்ளுக்குக் கிடக்கு ஐயா. கையை விடுங்கோ, தட்டுப்படும்.”

“இதென்ன காரோ, கோழிக்கூடோ?”

நான்கு தேசிக்காய்களும் சில்லுகளுக்குத் தெருப்பக்கமாக வைக்கப்பட்டன. கற்பூரம் காட்டியாயிற்று. ஜெயரட்ணம் குமிழிக்குள் புகுந்து கைப்பிடியை இழுத்தார். நான்கு தேசிக்காயும் நசுங்கின. கார் ஏற்றத்தில் கம்பீரமாக ஏறியது.

“பீப்... பீப்... பீப்...”

ஜப்பானியர்கள் கவனமானவர்கள். பின்னால் போகும் கார் ஊருக்கு அதை அறிவிக்க வேண்டுமென்று அந்தப் பழைய ஹட்ச்பேக்குக்குள் வைத்திருந்த கருவியை ஜெயரட்ணம் அடியோடு மறந்துபோயிருந்தார். அது கேட்டடி வரைக்கும் அறிவித்தது. போகிற வழியில் கைப்பிடியை வலத்தே திருப்ப, கார் இடத்தே போய், பக்கத்து வீட்டின் சிவப்பு மூடிக் குப்பைத்தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது.

நிதேஷ் லொறியில் சாய்ந்தபடி வயிறு குலுங்கச் சிரித்தார். “ஆன்ட்டி, தட்ஸ் ரிவர்ஸ்!”

“என்னப்பா, பின்னுக்கெல்லோ ஓடினது?” ரதிதேவி இடுப்பில் கை வைத்தார். “நான் சொன்னது முன்னுக்கு!”

ஜெயரட்ணம் குமிழியைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டார். “ஓம், ரதி. மற்றக் கியர் விழேல்லை. ஐயர் பூசை செய்ததும் பின்பக்கத்துக்குத்தான்.”

ஐயர் நிமிர்ந்தார். தன் பூசை பிழையென்று நடுத்தெருவில் வைத்துச் சொன்னால் எந்த ஐயர்தான் பொறுப்பார்?

“அதெப்பிடி? கற்பூரம் காட்டின பக்கந்தான் முன்பக்கம். மாலை விழுந்திட்டுது, தேசிக்காய் நசிஞ்சிட்டுது. இனி ஒருத்தரும் மாத்தேலாது. கார் முன்னுக்குத்தான் ஓடினது, பிள்ளை.”

சாத்திரத்தோடு வாதாடுவதா, பிரீசரோடு வாழ்வதா என்று ரதிதேவி யோசித்தார். பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக அந்தக் காரைச் சுற்றி வந்து, இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு துடித்தது. அடக்க முடியவில்லை. குப்பைத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப ஏனப்பா கதிரை மட்டும் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது? திருப்புங்கோ!”

ஜெயரட்ணம் இருக்கையைச் சுழற்றினார். அது சுழன்றது. எண்பதுகளிலிருந்து ஒருவருக்கும் பயன்படாத அந்த யோசனை, ரதிதேவி ஏறி உட்காரப் பயன்பட்டது.

“சரி, ஓடினதுதான். வாக்கு வாக்குத்தான்,” என்றவர், தலையை நீட்டி, இதுவரை பின்பக்கமாயிருந்த முன்பக்க மூடியைத் தட்டினார். “ஆனா, இதுக்குள்ள என்ன கிடக்கு?”

“ஒண்டுமில்லை. என்ஜின் அங்கால.”

“பிரீசர் கொள்ளுமோ?”

ஜெயரட்ணம் கண்ணாலேயே அளந்தார். கொள்ளும்.

மறுநாள் ஆல்பனியில் பழைய ஜப்பானியக் கார்களின் கண்காட்சி. எதிர்காலத்தை உடைக்க வந்த அதே லொறியில்தான் நிதேஷ் அதை ஏற்றிப்போனார். கூலி, சுடச்சுட ரோல்ஸ். முன்பக்க மூடிக்குள் பிரீசர் ஏறியிருக்க, அதன் பக்கத்தில் நின்று ரதிதேவி ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். அன்று கூட்டம் அதிகம் கூடிய கார் ஜெயரட்ணத்தினுடையதுதான். ரோல்ஸ் முடிந்த பிறகும் பாதிக் கூட்டம் நின்றது. மற்ற முனையிலும் ஒரு வரிசை நின்றிருந்ததும், அவர்களுக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

“ஃப்ரண்ட் இந்தப் பக்கம்!” என்று ரதிதேவி அவர்களுக்குக் கைகாட்டினார், பிறந்ததிலிருந்தே அது தெரிந்தவர் போல.