ஃபிராங்க்ளின் சொல்லாத இடம்

சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் ஃபிராங்க்ளினைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவன் பிடித்து வரும் கொடுவாயைத் தெரியாதவர்கள் கிடையாது. வங்காளிகள் பேட்கி என்று உயிரை விடுகிற அதே மீன்தான். ஆள் தூத்துக்குடி. ரயில் பெட்டிகளின் பிரேக்கைச் சோதிக்கிற வேலை, பதினோரு வருடமாக என்னோடு ஒரே ஷிப்ட். வாரத்தில் ஆறு நாள் வாயைத் திறக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு நாம்கானா லோக்கலில் ஏறிவிட்டால் ஆளே வேறு.

மற்றவர்கள் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தூண்டிலைப் போட்டுவிட்டு அதிர்ஷ்டத்தைத் திட்டுவார்கள். இவன் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போவான். கழிமுகத்தில் சேறு வெளியே தெரியும் இரண்டு மணி நேரம், முழங்கால் புதையப் புதைய நடந்து, எங்கே பள்ளம், எங்கே முறிந்த மரக்கட்டை, எந்த ஓடை வழியாக இறால்குஞ்சு கடலுக்கு இறங்குகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வான். கொடுவா சோம்பேறி, துரத்திப் போகாது, கட்டைக்குப் பின்னால் நின்று வருவதை விழுங்கும் என்பான். தண்ணீர் ஏறியதும் அந்தக் கட்டையோரமே இரை போய் விழும். ஒரு முழத்துக்குக் குறைந்த மீன் என்றால் திருப்பி விட்டுவிடுவான். எனக்கு வயிறு எரியும்.

தூண்டில்காரனிடம் சம்பளத்தைக் கேட்கலாம், இடத்தைக் கேட்கக் கூடாது. கேட்டால் பொய்தான் வரும், யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. ஃபிராங்க்ளின் ஒரே ஒருமுறை ஏமாந்தான். மச்சினன் உதயை ராய்ச்சக் பக்கம் தன் இடத்துக்குக் கூட்டிப்போனான். ஐடி கம்பெனிக்காரப் பையன், வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டான். அடுத்த ஞாயிறு அங்கே இருபது தூண்டில். இரண்டே மாதத்தில் விரல் நீளக் குஞ்சைக்கூட விடாமல் வழித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவன் ஃபிரேசர்கஞ்சுக்கு அப்பால் ஓர் ஓடைமுகத்துக்கு மாறிவிட்டான். வீட்டில் மட்டும் ராய்ச்சக் என்றே சொல்லி வந்தான். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

"பரமு, உதய் காதுல விழுந்துச்சுன்னா அடுத்த வாரம் அங்க திருவிழாதாம்ல," என்றான். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு அவன் மனைவி அமலா போன் செய்தாள்.

"பரமு அண்ணே, அவுக பன்னெண்டு மணிக்கே பேசுறேன்னாவ. ரிங் போகுது, எடுக்க மாட்டேங்காவ. ராய்ச்சக்லதான இருப்பாவ?"

நான் வாயைத் திறந்தேன். பக்கத்திலிருந்து உதய் குரல் கொடுத்தான். "அண்ணா, எக்ஸாக்ட் ஸ்பாட் தெரிஞ்சா லொகேஷன் போடுங்க."

லொகேஷனாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேவு பார்க்க அக்காவை முன்னால் விட்டிருக்கிறான் என்றே நினைத்தேன்.

"ராய்ச்சக்தாம்மா. மீன் மாட்டியிருக்கும், போனை மறந்திருப்பான். வந்துருவான்," என்றேன். சொல்லிவிட்டு லேக் மார்க்கெட்டில் வாங்கி வந்த அப்பளத்தைப் பொரித்துச் சாப்பிட்டேன். தூங்கவும் தூங்கினேன்.

நான்கு மணிக்கு அவள் அழுதுகொண்டே மறுபடி கூப்பிட்டாள். உதய் பைக்கில் ராய்ச்சக் போய்க் கரை முழுக்கத் தேடிவிட்டானாம். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கொஞ்சம் இரும்மா, விசாரிக்கிறேன்" என்று போனை வைத்தேன். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன், விசாரித்தவன் மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. பிறகு கூப்பிட்டு, ஃபிரேசர்கஞ்சுக்கு அப்பாலாம், தூண்டில்காரர் ஒருவர் சொன்னார் என்றேன்.

தகவல் போனதும் அங்குள்ள மீனவர்கள் அரைமணி நேரத்தில் படகில் போய்விட்டார்கள். கரையில் அவன் பை இருந்தது, பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் தண்ணீர் வற்றியபோது ஓடையின் பள்ளத்தில் அவனைக் கண்டார்கள். இடுப்புவரை சேற்றில் இறங்கியிருந்தான். புதுக் கட்டை எங்கே கிடக்கிறது என்று பார்க்கப் போயிருப்பான். கால் ஏறவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது.

அவனைத் தோண்டி எடுத்த கிழவரிடம் நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் தலைக்கு மேல் தண்ணீர் வர அன்றைக்கு மணி மூன்றரையாவது ஆகியிருக்கும் என்றார்.

அமலா என்னிடம் கேட்டது ஒன்றரைக்கு.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லோரும் செத்தவனைத்தான் குறை சொன்னார்கள், ஒரு மீனுக்காகக் கட்டினவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போனானே என்று. உதய் மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த வீடியோவால்தான் எல்லாம் என்று அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் இருக்கிறேன் என்று அவன் தோளைத் தொடக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

புறப்படும்போது அமலா வாசல்வரை வந்தாள்.

"எங்கிட்டகூடப் பொய் சொல்லிட்டாவளே அண்ணே. நீங்க மட்டும் அன்னைக்கு விசாரிச்சுச் சொல்லலைன்னா உடம்புகூடக் கெடச்சிருக்காது." அவள் என்னைக் கும்பிட்டாள்.

"என்கிட்டயும்தான் அவன் சொல்லலைம்மா," என்றேன்.