கடலுக்குத்தான் வேண்டாம் என்றோம்

என் தம்பி வலை இழுத்து முடித்து மூச்சு வாங்கும்போது இரண்டு முறை மயங்கி விழுந்திருந்தான். முதல் முறை வெயில் என்றோம். இரண்டாம் முறை விழுந்தது படகில். பக்கத்தில் இருந்தவர் பிடித்திராவிட்டால் கடலோடு போயிருப்பான். எண்பதுகளின் தொடக்கம் அது. வீட்டில் பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், பழவேற்காட்டில் பஸ் ஏறி அவனைப் பொன்னேரிக்கு அழைத்துப் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

"மயக்கத்துக்கெல்லாம் டாக்டராக்கா? ஒரு சோடா வாங்கிக் குடு, சரியாப் பூடும்" என்று வழியெல்லாம் கிண்டல் செய்தான். இருபத்து மூன்று வயது. அவன் உடம்பைப் பார்த்தால் யாரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

டாக்டர் அவன் மார்பிலும் கைகால்களிலும் ஒயர்களை மாட்டி ஈ.சி.ஜி. எடுத்தார். கூசுகிறது என்று தம்பி சிரித்தான். நீளக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சிரிக்கவில்லை. கோடுகள் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கின்றன, மேல்நோக்கி வளையவேண்டிய அலை ஆழமாகக் கீழே கவிழ்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். இதயத்தின் சுவர் தடித்துப் போயிருக்கலாமாம். அதோடு இந்த மயக்கமும் சேர்ந்திருப்பதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

"உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"எங்க சித்தப்பா கடல்ல பூட்டாரு சார். கட்டுமரத்துலேர்ந்து விழுந்து."

"நீச்சல் தெரியாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குப்பத்துப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? "நல்லாவே தெரியும்" என்றேன் வெடுக்கென்று. அவர் அதைக் குறித்துக்கொண்டார். எதற்குக் கேட்டார் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. படித்தவளாம் நான்.

"கடலுக்குப் போலாமா சார்?" என்று தம்பி கேட்டான். "கூடவே கூடாது. பாரமான வேலை எதுவும் வேணாம்" என்று சொல்லி, சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"கடலுக்கு வேணாம்னுட்டாரு நைனா" என்று வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். பாரமான வேலை என்றதையும் சொல்லத்தான் செய்தேன். ஆனால் எங்கள் ஊரில் பாரம் என்றால் கடல். ஊரை ஒட்டிய ஏரியில் வலை போடுவது யாருக்கும் வேலையாகவே தெரிந்ததில்லை. காய்ச்சலில் எழுந்தவன்கூட ஏரிக்குப் போவான்.

அடுத்த வாரம் ஏரியில் எங்கள் வீட்டுப் பாடு வந்தது. ஏரியின் நல்ல இடங்களில் இன்று இன்னார் வலை போடலாம் என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி வைக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். போகாவிட்டால் அந்த முறை போனதுதான்.

"ஏரிக்குத்தானே, வரட்டும். இடுப்பளவு தண்ணி. மயக்கம் வந்தா நாலு பேரு தூக்கிட மாட்டோமா?" என்றார் அப்பா. அவர் தம்பியை, என் சித்தப்பாவை, தூக்கக் கடலில் ஆளில்லாமல் போன துக்கம் அவருக்கு ஆறவே இல்லை. நானும் தலையாட்டினேன். பாடு முடிந்ததும் சென்னைக்குப் போகலாம் என்று சொன்னதே நான்தான். இதை எப்படி எழுதினாலும் எனக்கு மன்னிப்புக் கிடையாது.

அன்று காலை வலை கனத்தது. சேற்றில் கால் புதையப் புதைய இழுத்தார்கள். இழுத்து முடித்து, படகைப் பிடித்துக்கொண்டு நின்றவன் யாரையோ கேலி பேசியபடியே சரிந்தான். அப்பா சொன்னபடியே உடனே தூக்கிவிட்டார்கள். அவன் தலைமுடிகூட நனையவில்லை.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கரையில் கிடத்தியிருந்தார்கள். நீரில் மூழ்கியவர்களுக்குச் செய்வதைப்போல அப்பா அவனைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கிக்கொண்டிருந்தார். "தண்ணி வெளிய வந்துட்டா எழுந்துக்குவான்" என்றார். அவன் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். சித்தப்பாவும் மூழ்கிச் சாகவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. கை ஓயும்வரை அமுக்கினார்.