அதிர்ந்து பேசாத அப்பாவும் அசையாத கொம்பியூட்டரும்

நேற்று மகளின் லப்டொப் அசையாமல் நின்றுவிட்டது. "அப்பா, தொடாதேங்கோ. தானா வரும்" என்றாள். நான் தொடவில்லை, வியர்த்தேன். திரை உறைந்தால் எனக்கு இன்றைக்கும் அச்சு மையின் மணம் வரும்.

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அச்சகத்தில் கொம்பியூட்டரில் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். அதிகம் வருவது, செத்து முப்பத்தோராம் நாள் செய்கிற அந்தியேட்டியில் கொடுக்கிற நினைவு மலர்கள். புதிதாக யார் எழுதுவது? போன மாதம் செத்தவரின் மலரைத் திறந்து பெயரை மாற்றுவோம். அதனால் எங்கள் கடை வழியாகப் பரலோகம் போன எல்லோரும் இன்முகத்தோடு விருந்தோம்பியவர்கள்.

ஒருநாள் ஓர் அண்ணனும் தங்கச்சியும் தகப்பனின் மலருக்கு வந்தார்கள். விடிந்தால் அந்தியேட்டி. பின்னேரத்துக்குள் அச்சுக்குப் போகாவிட்டால் மலர் இல்லை. "அதிர்ந்து பேசாத அன்புத் தந்தை" என்ற வரியில் எங்கள் கிழட்டு மென்பொருள் நின்றது. மௌஸ் விக்கி விக்கி நகர்ந்தது. வைரஸ், வேலை போவது, செத்தவரின் கோபம் என்று எல்லாவற்றுக்கும் ஒரேயடியாகப் பயந்து, மெஷின் திருத்துகிற அன்ரன் அண்ணனுக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்தேன். அவருக்குத் தம்பிமார் எல்லோரும் சிங்களத்தில் 'மல்லி'தான்.

"பயப்படாத மல்லி. டிஸ்க் ரெண்டு மூணு தரம் வாசிக்கத் தடுமாறினா, மெஷின் தானாவே பழைய செட்டிங்குக்கு இறங்கிடும். பிறகு ஒவ்வொரு துண்டையும் ப்ராசஸரே போய்த் தூக்கிட்டு வரணும். டிஎம்ஏன்னு ஒண்ணு இருக்கும், அதில ப்ராசஸர் இல்லாமலே டிஸ்க் நேரா மெமரிக்கு அனுப்பும். அதுக்கு மாத்திட்டு ரீஸ்டார்ட் பண்ணு."

அந்த செட்டிங் திறக்கவே ஒரு யுகம் போனது. தங்கச்சி திரையை வாசித்துச் சிரித்தாள்.

"அதிர்ந்து பேசாதவரோ? அப்பா வீட்டுக்குள்ள கதைச்சா வெளியில காலி றோட்டில ஓடுற பஸ் பிறேக் போடும்."

"சும்மா இரடி" என்ற அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "கிரிக்கெட் நேரம் மேல் பிளாட்காரர் ஸ்கோர் கேட்க வாறேல்லை. இவற்ற சத்தத்திலயே தெரியும்."

"அதை எழுதுங்கோ தம்பி" என்று கண்ணைத் துடைத்தாள். கடதாசியில் எழுதி வைத்தேன்.

மெஷின் எழும்பியது. நான் அடிக்க முதலே எழுத்து விழுகிற மாதிரி ஒரு வேகம். கிரிக்கெட்டை முதல் பக்கத்தில் போட்டேன். அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிச்சத்தை நீங்களே போடுங்கோ தம்பி, நேரமில்லை."

போன மாதத்தவரைத் திறந்தேன். மலர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. முதல் பக்கத்தில் கத்திய மனிசன் இரண்டாம் பக்கத்திலிருந்து சாந்தசொரூபி.

அந்த அச்சகம் இப்போது இல்லை. மலர்கள் உடம்பின் சூடு ஆறமுதல் வாட்சப்பில் வந்துவிடுகின்றன. ஒன்று விடாமல் வாசிக்கிறேன். சத்தம் போட்டவர் ஒருத்தரும் செத்ததாகத் தெரியவில்லை.