மீன் எண்ணெய் பூசிய ஷூ

1953 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலரைக்கு எழுந்தேன். ராயபுரம் கடலோரத்தில் அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டு, ஈர மணலில் வெறுங்காலோடு வடக்கே ஒரு மைல் ஓடித் திரும்பினேன். பந்தயத்தன்று அதற்கு மேல் ஓடக்கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. ஐந்தே முக்காலுக்குத் தெருக்குழாயில் குளியல். ஆறே காலுக்குக் கேழ்வரகுக் கூழும் ஒரு துண்டுக் கருவாடும். ஏழு மணிக்குச் சட்டையையும் அரைக்கால் சட்டையையும் துவைத்துக் கொடியில் போட்டேன். எட்டரைக்குக் கால் நகம் வெட்டினேன். இவ்வளவும் அன்றைய டைரியில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ‘பதினொன்றரைக்குப் பெட்டியைத் திறந்தேன்’ என்பதோடு எழுத்து நிற்கிறது. அதற்குக் கீழே பென்சில் முனை காகிதத்தைக் கிழித்திருக்கிறது.

அன்று எனக்கு இருபத்தைந்து வயது. இப்போது நாற்பத்தெட்டு. அந்தக் கிழிசலைப் பார்த்தால் இன்றும் காது சூடேறுகிறது.

திருவொற்றியூரில் ஓர் இரும்புப் பட்டறையில் நாலு வருஷம் மூன்று மாதமாக நான் டோக்கன் ஆள். தினமும் காலை ஆறரைக்கு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். மேஸ்திரி யார் கையில் டோக்கன் கொடுக்கிறாரோ அவனுக்கு அன்று வேலை. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். அந்த வருஷம் பட்டறையின் விளையாட்டு விழாவில் மூன்று மைல் ஓட்டம் வைத்தார்கள். முதல் இரண்டு பேரைத் தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்புவார்கள். அந்தப் போட்டியில் நிரந்தரத் தொழிலாளர்தான் ஓடலாம். ஆகவே முதல் இரண்டு இடத்தில் டோக்கன் ஆள் வந்தால் அவனை நிரந்தரமாக்குவோம் என்று நோட்டீஸ் போட்டார்கள். நான் அதை ஒரு வரி விடாமல் டைரியில் எழுதிக்கொண்டேன். ஐந்தாவது விதி: ஓட்டக்காரர் அனைவரும் ஷூ அணிந்திருக்க வேண்டும்.

அந்த விதி வந்த கதையைச் சொல்கிறேன். ஓடும் தடத்தில் பாய்லர் சாம்பலைக் கொட்டி ரோலர் விட்டிருந்தார்கள். சாம்பலோடு கண்ணாடி மாதிரிக் கூரான கரிக்கட்டிகளும் கிடந்தன. முந்தைய வருஷம் ஒருவன் பாதம் கிழிந்து பத்து நாள் வேலைக்கு வரவில்லை. அந்தக் கட்டிகளைப் பொறுக்கியெடுக்க நாலு ஆளுக்கு அரை நாள் போதும். ஆள் போடவில்லை. விதி போட்டார்கள்.

அந்த விதிக்காக நான் வாங்கியது வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, க்ரேப் ரப்பர் அடி, புதிது. கால் பழக ஆறு முறை மட்டும் போட்டு ஓடினேன். புதன்கிழமை சாயங்காலம் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்தேன். ஞாயிறு வரை தொடக்கூடாது என்பது என் திட்டம். நான் தொடவில்லை.

ஞாயிறு பதினொன்றரைக்குப் பெட்டியைத் திறந்தால் செய்தித்தாள் ஷூவை விட்டு வரவில்லை. இழுத்தேன். காகிதத்தோடு இடது ஷூவின் அடி குதிகாலிலிருந்து பாதி நீளத்துக்குப் பிரிந்து வந்தது. வலது ஷூவின் அடி முன்பக்கம் வாயைத் திறந்துகொண்டது. ரப்பர் களிபோல் விரலில் ஒட்டியது. அதில் செய்தித்தாளின் எழுத்துகள் இடவலம் மாறி அச்சாகியிருந்தன. முகர்ந்து பார்த்தேன். மீன் எண்ணெய்.

அந்த வாசனை எங்கள் வீட்டில் எப்போதும் உண்டு. படகுப் பலகைக்கு எண்ணெய் பூசி வெயிலில் ஊறவிடுவது அக்கா வீட்டுக்காரரின் வேலை. அதனால்தான் பெட்டி மேலேயே நாலு நாள் தலை வைத்துப் படுத்தும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“மாமா! என் ஷூவத் தொட்டியா நீ?”

அவர் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு. பாராட்டப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்.

“பாத்துட்டியா? எண்ணெ போட்டு வெச்சேன் மச்சான். நீ வேலைக்குப் போனப்புறம் ரெண்டு நாளு கூரை மேல காய வெச்சேன். மெத்துனு ஆயிக்கீது பாரு. தண்ணி ஏறாது, வெடிக்காது.”

“அடி கழண்டு தொங்குது! பாரு இத!”

வாங்கிப் பார்த்தார். விரலால் அழுத்தினார். சிரிப்பு போய்விட்டது.

“படகு ஒரு வருசம் தாங்குதேப்பா…”

“இது படகா? ரப்பரு! ரப்பர்ல எவனாவது மீன் எண்ணெ ஊத்துவானா? எதத் தொட்டாலும் உன் கையில மீன் நாத்தம்தான். கலீஜு புடிச்ச ஆளு நீ. படகத் தவிர உனுக்கு இன்னா தெரியும்?”

எச்சில் தெறிக்கக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அக்கா உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள்.

“யாரு வூட்ல நின்னுகினு யார மீன் நாத்தம்ன்ற? நீ இன்னா பன்னீர்லயா பொறந்த? உங்கப்பன் எதுல போயி உன்ன வளத்தான்? சைக்கிள்லயா?”

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. மணி பதினொன்று ஐம்பது. ஓட்டம் நாலரைக்கு.

ஞாயிறு என்பதால் கடை இல்லை. கடன் வாங்கலாம் என்று ஷூ வைத்திருந்த இரண்டு வீட்டுக்குப் போனேன். மணலில் நடந்து அகன்ற என் கால் ஒன்றிலும் நுழையவில்லை. கடைசியாகச் சந்தை முனையில் செருப்புத் தைப்பவரிடம் போனேன். அவர் ஊசியை எடுக்கக்கூட இல்லை.

“எண்ணெ ஏறிக்கீது. பசையும் நிக்காது, தையலும் நிக்காது. அல்வாவ தைக்கச் சொன்னா தைப்பியா நீ?”

“ஒரே ஒரு மணி நேரம் நின்னா போதும்.”

“அல்வாவுக்கு மணி தெரியுமா நைனா? எடுத்துகினு போ.”

வீட்டுக்கு வந்தபோது ஒன்றே கால். மாமா வலை முடியும் நூல் கண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. “கால்ல மாட்டிகினு குந்து” என்றார். உட்கார்ந்தேன். கட்டுமரத்தின் கட்டைகளைப் பிணைப்பது போல, ஷூவின் அடியையும் மேல்துணியையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் பல்லால் கடித்து இறுக்கினார். ஒரு காலுக்கு இருபது நிமிஷம். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எழுந்து பத்தடி குதித்துப் பார்த்தேன். நின்றது. அதற்காகக்கூட ஒரு நல்ல வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

மைதானத்துக்குள் நுழைந்ததுமே எங்கள் டோக்கன் வரிசைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள்.

“டேய், கட்டுமரம் வருதுடா!”

“ஏலேலோ போடுங்கடா, எறங்கட்டும்!”

“இன்னா மாமு, வலையக் கட்டிகினு வந்துகீற? ஓடப்போறியா, வஞ்சிரம் புடிக்கப் போறியா?”

அவர்கள் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை. ஷூ இல்லாததால் அவர்களில் ஒருவன்கூடப் பெயர் கொடுக்கவில்லை. என் பெயர் ஒன்றுதான் வரிசையிலிருந்து போயிருந்தது. சிரித்து முடித்ததும் ஒருவன் குனிந்து முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தாங்கும், ஓடு” என்றான்.

விளையாட்டுச் செயலாளர் என்று ஒரு அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். காலில் பளபளக்கும் தோல் பூட்ஸ். என் பெயரைக் கேட்டுக் குறிக்கும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்தார்.

“என்னப்பா இது நாற்றம்? மார்க்கெட்டிலிருந்து நேராக வருகிறாயா?”

மத்தியானம் நான் கத்திய அதே சொல். அவர் வாயிலிருந்து கேட்டபோது மேஜையைப் புரட்டிவிடலாம் போலிருந்தது. “ஷூ போட்டிருக்கேன் சார். அஞ்சாவது விதிக்கு அது போதும்” என்றேன். கீழே எட்டிப் பார்த்தார். “சரி, நில்” என்றார்.

பன்னிரண்டு சுற்று. ஒன்பது பேர். ஆறாவது சுற்று வரை கட்டு அசையவில்லை. ஏழாவதில் சூடேறிய ரப்பர் நூலின் இடுக்கு வழியாகப் பிதுங்கத் தொடங்கியது. நூல் உறுதியாகத்தான் இருந்தது. அதற்குள் இருந்த பொருள்தான் உருகி ஓடிவிட்டது. எட்டாவது சுற்றின் வளைவில் வலது அடி நழுவிப் பக்கவாட்டில் வந்து என்னைத் தடுக்கியது. அப்போது நான் மூன்றாவது. விழப்போய்ச் சமாளித்து, கட்டு தளர்ந்த இரண்டு ஷூவையும் காலால் உதறித் தடத்தின் ஓரத்தில் தள்ளிவிட்டு ஓடினேன்.

வெறுங்காலில் ஓடுவதுதான் எனக்குத் தெரிந்த ஓட்டம். கரிக்கட்டி குத்தியது தெரிந்தது. வலி தெரியவில்லை. பத்தாவது சுற்றில் எனக்கு முன்னால் இருந்தவனைக் கடந்தேன். கடைசி வரை முதல் ஆளின் முதுகு எட்டுக் கஜத்துக்கு அப்பால் இருந்தது. இரண்டாவதாக முடித்தேன். எங்கள் வரிசைக்காரர்கள் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து தூக்கினார்கள். இனி ஆறரை வரிசையில் நிற்க வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

செயலாளர் சிவப்புப் பென்சிலால் என் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடிக்கோலை வைத்து, நேராக.

“ஷூ இல்லாமல் நாலு சுற்றுக்கு மேல் ஓடியிருக்கிறாய். செல்லாது.”

“ஷூ போட்டுத்தானே சார் கெளம்பினேன். கழண்டுபோச்சு.”

“ரூல் ரூல்தான் மிஸ்டர். காலுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?”

“ஆயிடுச்சு சார், பாருங்க” என்று பாதத்தைத் தூக்கிக் காட்டினேன். மேஜை விரிப்பில் ரத்தம் பட்டது. அவர் விரிப்பை நகர்த்திக்கொண்டார். மூன்றாவதாக வந்தவனை இரண்டாவது ஆக்கினார். அவன் ஸ்டோரில் ஏழு வருஷமாக நிரந்தரம். அந்த இடம் அவனுக்கு எதற்கு? அவனே என்னிடம் வந்து, “நான் கேக்கலப்பா” என்று சொல்லிவிட்டுப் போனான். நான் தடத்தின் ஓரத்தில் கிடந்த இரண்டு ஷூவையும் போய் எடுத்துக்கொண்டேன். பொருளைக் கிடந்த இடத்தில் விட்டுவிட்டு வருகிற பழக்கம் எனக்கு இல்லை.

கம்பி வேலிக்கு வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை.

“அவன் இன்னா சொல்றான்?”

“செல்லாதாம்.”

“ஓடுனதா? நான் பாத்துகினுதான இருந்தேன். ரெண்டாவதா வந்த.”

“ஷூ இல்லாம ஓடுனது செல்லாதாம்.”

மைதானத்தின் பக்கம் திரும்பினார். “கால் யாரோடது?” என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பஸ் பிடித்து ராயபுரம் வந்தோம். வீட்டில் அக்கா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தாள். மாமா என் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து, வலை ஊசியின் முனையால் கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் தணியவில்லை. எண்ணெய் பூசியது அவர்தான். நடந்தது நடந்ததுதான். ஆனால் அவருக்கு ரப்பரைப் பற்றித் தெரியாது. அந்த மேஜைக்காரருக்குக் கரிக்கட்டியைப் பற்றித் தெரியும். இரண்டையும் டைரியின் அடுத்த பக்கத்தில் தனித்தனி வரியில் எழுதினேன். படுக்கும் முன்பு மாமாவிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “அந்த நூல் மிச்சம் கீதா?” எதற்கு என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

மறுநாள், பிப்ரவரி 23, திங்கட்கிழமை. ஐந்து ஐம்பதுக்கு, காலில் துணி சுற்றி நொண்டிக்கொண்டே பட்டறை வாசலுக்கு வந்தேன். வேறு யாரும் இன்னும் வரவில்லை. முதல் வேலையாக, நோட்டீஸ் பலகையில் விளையாட்டு விழா விதிகள் தொங்கிய அதே ஆணியில், ஐந்தாவது விதிக்கு நேராக வரும்படி, அந்த இரண்டு ஷூவையும் நூலால் பிணைத்துத் தொங்கவிட்டேன். மாமா போடுகிற அதே முடிச்சு, இழுக்க இழுக்க இறுகுவது. பிறகு டோக்கன் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.