மகள் வேலை செய்யும் கடல்

ரொறன்ரோவுக்குக் கிழக்கே விட்பியில் வீடு வாங்கியபோது மேல்மாடியின் பின்பக்க அறையை மகளுக்கென்று ஒதுக்கினோம். அதுவரை மல்வேர்னில் இருந்த டவுன்ஹவுசில் அவளும் தம்பியும் ஒரே அறையில்தான் படுத்தார்கள். நடுவில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கும். புது அறைக்கு அவள் கேட்ட நீல நிறத்தை என் கணவர் தன் கையாலேயே அடித்தார். அந்த அறையில் அவள் ஒரு பனிக்காலம்தான் இருந்தாள். கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படித்த பிள்ளை, கோடை வேலை என்று அலாஸ்காவில் ஒரு சின்னத் துறைமுக ஊருக்குப் போனாள். கோடை முடிந்தது. அவள் வரவில்லை. அடுத்த கோடையும் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பாள். அங்கே எப்போதும் காற்று. முகம் தெரியும், பேச்சு வெட்டி வெட்டி வரும். "சாப்பிட்டியோ?" என்று நான் கேட்டால், பதில் வருவதற்குள் படம் உறைந்துவிடும். வாயைப் பாதி திறந்தபடி நிற்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் கணவர் சொன்னார், "அவள் வராட்டி என்ன, நாங்கள் போவம்." அந்த யூலையில் மகனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். அவருக்கு அது விடுமுறை. எனக்கு அப்படியில்லை. எப்படியாவது கதைத்து அவளைத் திரும்பக் கூட்டிவருவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். பெட்டிக்குள் பாதி இடத்தைக் கறித்தூளும் பருத்தித்துறை வடையும் பிடித்திருந்தன.

வன்கூவரில் விமானம் மாறி, அங்கிருந்து இன்னொன்று, பிறகு வாடகைக் கார். மகன் ஓட்டினான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. மலை இடுக்குகளில் கோடையிலும் பனி கிடந்தது.

அவள் படகுத்துறையில் நின்றாள். செம்மஞ்சள் மழைக்கோட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். இடுப்புவரை இருந்த தலைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். வீடியோவில் எப்போதும் தொப்பியோடு இருப்பாள், அதைக் காட்டவேயில்லை.

"அம்மா, கட்டிப்பிடிக்காதேங்கோ, நான் மீன் மணக்கிறன்."

நான் கேட்கவில்லை. கட்டிப்பிடித்தேன். மீனும் டீசலும்தான் மணத்தன. அதற்குள்ளே எங்கேயாவது என் பிள்ளையின் மணம் இருக்கிறதா என்று தேடினேன்.

மீன்பிடிக்கும் குடும்பம் ஒன்றின் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையில் அவள் வாடகைக்கு இருந்தாள். அன்று மாலை வீட்டுக்காரப் பெண் பெரிய ஹலிபட் மீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். நான் பழப்புளி கரைத்து, தூள் போட்டுக் குழம்பு வைத்தேன். அவரும் எங்களோடு இருந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நான் தேநீர் ஊற்றினேன். மகளின் கோப்பைக்குள் சீனி போடப் போனபோது அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார், "அவளுக்குச் சீனி வேண்டாம். அதை விட்டு எவ்வளவு காலம்!" நான் கரண்டியைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தேன். "பரவாயில்லை அம்மா, போடுங்கோ, இண்டைக்குக் குடிக்கிறன்" என்றாள் மகள். எனக்கு அது இன்னும் நொந்தது.

மறுநாள் அவள் வேலை செய்யும் படகிலேயே எங்களை ஏற்றிக்கொண்டாள். பயணிகளுக்குக் கடலைப் பற்றி விளக்குவது அவள் வேலை. மேல்தட்டில் மாலுமியின் பக்கத்தில் நின்று மைக்கில் பேசுவாள். நாங்கள் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டில் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் விடுகிற பிள்ளை. இங்கே அவள் குரல் நிதானமாக, ஒரு தயக்கமும் இல்லாமல், படகு முழுக்கப் பரவியது. கடல்நீர்நாய்கள் மல்லாக்காக மிதந்து சிப்பி உடைத்துத் தின்றன. ஒரு பாறை நிறையக் கடற்சிங்கங்கள் சந்தை இரைச்சலில் சத்தம் போட்டன. ஒவ்வொன்றையும் அவள் சொல்லச் சொல்ல, முன்பின் தெரியாத மனிதர்கள் அவள் காட்டிய பக்கமெல்லாம் திரும்பினார்கள்.

நடுவில் திடீரென்று மைக்கில் தமிழ் கேட்டது.

"அம்மா, வலப்பக்கம்! கெதியாப் பாருங்கோ!"

எல்லாரும் என்ன மொழி என்று திகைக்க, நான் மட்டும் சரியான பக்கம் திரும்பினேன். கறுப்பு முதுகு ஒன்று தண்ணீரைப் பிளந்து எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று, பிறகு சின்னதாக ஒன்று. ஓர்காக்கள், கொலைத் திமிங்கிலங்கள். மகன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். கணவர் போனை எடுக்கவே மறந்து நின்றார்.

மகள் மறுபடி ஆங்கிலத்துக்குப் போனாள். இந்தக் கூட்டத்தை நடத்துவது ஒரு தாய் என்றாள். இந்த வகை ஓர்காக்களில் மகனோ மகளோ வளர்ந்த பிறகும் தாயை விட்டுப் போவதில்லை, சாகும்வரை கூடவே நீந்தும் என்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் "எவ்வளவு அழகு" என்று தன் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். நான் மேலே பார்த்தேன். மகள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனியாற்றின் முன்னால் படகு எஞ்சினை நிறுத்தியது. மலையிலிருந்து கடல்வரை ஒரு நீலச் சுவர். சுவரில் ஒரு துண்டு கழன்று விழுவதைக் கண்டோம். அது தண்ணீரைத் தொட்ட பிறகுதான் இடி மாதிரிச் சத்தம் வந்து சேர்ந்தது.

அந்த நேரம் அவள் கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஓர்காவைப் பற்றி ஒவ்வொரு நாளும் சொல்லுறனான் அம்மா. இண்டைக்குத்தான் சொல்லக் கஷ்டமா இருந்தது. உங்களைப் பாத்தால் அழுதிடுவன் எண்டு பாக்கேல்லை."

அதுதான் சமயம் என்று எனக்குப் பட்டது. "அப்ப வீட்டை வாவன், பிள்ளை. ரொறன்ரோவிலை உன்ரை படிப்புக்கு ஒரு வேலையும் இல்லையே?"

கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தாள். உள்ளங்கை கயிறு இழுத்துக் காய்த்திருந்தது.

"வேலை இருக்கும் அம்மா. ஆனா நான் இஞ்சை நல்லா இருக்கிறன். காலமை எழும்பேக்கை சந்தோஷமா எழும்புறன். அது எனக்கு அங்கை இருக்கேல்லை."

அவளைத் திரும்பக் கூப்பிட மூன்று வாக்கியங்களை விமானத்தில் மனப்பாடம் செய்து கொண்டுவந்திருந்தேன். அவற்றில் ஒன்றையும் சொல்லாமல், "குளிருது, கையுறையைப் போடு" என்றேன். கணவர் அந்தப் பக்கம் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த மார்கழியில் அவள் விட்பிக்கு வந்தாள். நீல அறையில் மத்தியானம்வரை படுத்தாள். புட்டும் கணவாய்க் கறியும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். அவள் குளிக்கப் போனால்கூட நான் படியடியில் ஏதாவது வேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பும் நாள் மிசிசாகாவுக்கு, விமான நிலையத்துக்கு, நாங்கள்தான் கொண்டுபோய் விட்டோம். பின் ஸீற்றில் இருந்து யாரோடோ போனில் கதைத்தாள். அலாஸ்கா வீட்டுக்காரப் பெண்ணாக இருக்கும். "ஐ'ம் கமிங் ஹோம்" என்றாள், வீட்டுக்கு வருகிறேன் என்று. சொன்ன பிறகுதான் அவளுக்கு அது காதில் விழுந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

அவளை உள்ளே அனுப்பிவிட்டுக் காருக்குள் வந்து இருந்தோம். கணவர் சாவியைப் போட்டார், ஆனால் திருகவில்லை.

"அவள் சொன்னது உமக்குக் கேட்டதோ?"

"ஓம்."

"எனக்கும் கேட்டது."

பிறகு காரை எடுத்தார். விட்பிவரை நாங்கள் ரேடியோ போடவில்லை.